உலர் எடை

நீடாமங்கலம் மூணாற்றுத் தலைப்பில்
இருபத்திரண்டு வருசமாக லஸ்கர் வேலை.
வெண்ணாற்றுக்கு இவ்வளவு
கோரையாற்றுக்கு இவ்வளவு
பாமணிக்கு இவ்வளவு என்று
போனில் சொல்வார்கள்.
பல்சக்கரத்தைச் சுற்றுவேன்.
ஷட்டர் அரையடி ஏறும்.

இப்போது எனக்கு
நாளைக்கு எழுநூறு மில்லி.
சொல்லிவிட்டு டாக்டர்
அடுத்தவர் சீட்டை எடுத்துக்கொண்டார்.

செங்கமலம் விடிந்ததும் ஒரு பாட்டிலில் பிடித்து
பால்கணக்குப் பேனாவால் கோடு போட்டு வைக்கிறாள்.
நான் காபி குடித்தால்
அந்த அளவை எடுத்துக் கனகாம்பரத்துக்கு ஊற்றுகிறாள்.
ரசம் ஊற்றிக்கொண்டால் அதற்கும்.
மோர்ச்சோற்றுக்கு மட்டும் கண்திட்டம்.
என் சர்வீஸில் இத்தனை கறாரான அதிகாரியை
நான் பார்த்ததில்லை.
கனகாம்பரம் நன்றாகப் பூக்கிறது.

சர்க்கரை வந்த புதிதில்
கோயில்வெண்ணிக்குப் போய்
ரவையும் சீனியும் கலந்து எறும்புக்குப் போட்டேன்.
எறும்புகள் வரிசை தப்பாமல் வந்து தின்றன.
அவற்றின் மேல் ஒரு குறையும் இல்லை.
மாத்திரையை நிறுத்தியது நான்.
முழங்கால் வலிக்குக் கடைக்காரர் கொடுத்ததை
வருசக்கணக்கில் விழுங்கியதும் நான்தான்.

மச்சான் வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்தார்,
தூக்குவாளி நிறைய.
செலின் சிஸ்டரிடம் கேட்டேன்.
'அது கல்லுக்கு.
உங்களுக்குக் கல் இல்லை சார், கிட்னியே இல்லை.
பொட்டாசியம் ஏறினால் நெஞ்சு நின்றுவிடும்.'
அவர் சிரிக்காமல் சொன்னதில்
எனக்குச் சிரிப்பு வந்தது.
இளநீரும் கூடாதாம்.
எங்கள் வீட்டு மரத்தில் அன்றைக்கு நாற்பது காய்.

செவ்வாய், வெள்ளி, மன்னார்குடி.
முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல
முறை வைத்து எடுக்கிறார்கள்.
உள்ளே போகும்போது ஒரு எடை,
வரும்போது ஒரு எடை.
என் உலர் எடை ஐம்பத்து நான்கு.
அதற்கு மேல் இருப்பதெல்லாம் நான் இல்லை,
தண்ணீர்.

பக்கத்து நாற்காலி ஜெய்னுலாபுதீன்,
கூத்தாநல்லூர்.
நாலு மணி நேரமும் சர்பத் போடுவார், வாயாலேயே.
நன்னாரி இத்தனை,
எலுமிச்சை பிழியும்போது விதை விழக்கூடாது,
ஐஸை உடைக்க வேண்டும், நொறுக்கக் கூடாது.
வார்டே கண்ணை மூடிக் கேட்கும்.
மகள் நிக்காஹ் முடிந்த செவ்வாய்
ஐந்தரை கிலோ கூடுதலாக வந்தார்.
முகம் வீங்கி, மூச்சு இரைத்து.
சிஸ்டர் திட்டித் தீர்த்தார்.
அவர் ஆக்சிஜனுக்குள்ளிருந்து என்னைப் பார்த்து
மூன்று விரலைக் காட்டினார்.
மூன்று கிளாஸ்.

படுக்கும்முன் இடதுகையைக் காதில் வைத்துக்கொள்வேன்.
ஃபிஸ்டுலா ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.
ஓடும்.
ஷட்டர் அடியில் தண்ணீர் நுழையும்போது
இரும்பில் எழும்புமே ஒரு அதிர்வு,
அதேதான்.
ஓடினால் தூங்கலாம்.

ஆனி பிறந்தும் பிறக்காமலும் தண்ணீர் வந்தது.
ராத்திரி இரண்டு மணி.
எனக்கு இப்போது லைட் டூட்டி,
அளவுகோலைப் பார்த்து எழுதுவது மட்டும்.
சக்கரத்தை வேறு ஆள் சுற்றினான்.
டார்ச் வெளிச்சத்தில் முதலில் நுரை,
பிறகு வேப்பங்குச்சி, தெர்மாகோல்,
ஒரு ஒற்றைச் செருப்பு,
பிறகு தண்ணீர்.
யாரோ நெல்லைத் தூவிக் கும்பிட்டார்கள்.

பாட்டிலில் தொண்ணூறு மில்லி மிச்சம்.
அதைத் தொடவில்லை.
படியிறங்கி இரண்டு கையாலும் அள்ளினேன்.
மண்வாசனை, லேசான கசப்பு.
வாய் நிறைய வைத்துக்கொண்டு நின்றேன்.
மேலே ஒருவன் கோரையாறு எவ்வளவு என்று கேட்டான்.
பதில் சொல்ல வாய் இல்லை.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
பிறகு பாமணிப் பக்கம் திரும்பித் துப்பினேன்,
கடைமடைக்குப் போகட்டும்.

அடுத்த செவ்வாய்
ஒன்று தொள்ளாயிரம்தான் ஏறியிருந்தது.
செலின் சிஸ்டர் நம்பவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
இன்னொரு தடவை ஏறச் சொன்னார்.